ஓட்டுக்குப் பணம், கட்சிக்கு நிதி: குடிமக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தேர்தல் நேரத்தில் வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களையும் செலவுக் கணக்குகளையும் எடுத்துப் படித்து, அக்கம்பக்கத்தாருக்கு விளக்கிச் சொல்லும் தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. எங்கே போய்ப் பேசினாலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். சில கேள்விகளுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்குக் கதையையே சொல்லியாக வேண்டும்.

பணம் இல்லாமல் அரசியல் நடக்குமா?

நடக்காது. மேடை, ஒலிபெருக்கி, வாடகை வண்டி, துண்டறிக்கை, வாக்குச்சாவடி முகவருக்குச் சாப்பாடு என எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். பணமே கூடாது என்று யாரும் கேட்கவில்லை. யாருடைய பணம், எவ்வளவு, அதற்குப் பதிலாக அவருக்கு என்ன கிடைத்தது என்ற மூன்றும் ஊருக்குத் தெரிய வேண்டும் என்றுதான் கேட்கிறோம். பல கோடி செலவழித்து ஜெயித்தவர், போட்ட முதலை ஒப்பந்தத்திலோ மணலிலோ பணியிட மாறுதலிலோ எடுத்தாக வேண்டும். கட்சிக்குப் பெருந்தொகை கொடுத்த நிறுவனத்துக்கோ ஓர் அரசாணையே போதும். போட்டது பல மடங்காகத் திரும்பிவிடும்.

மக்களே பணம் வாங்கும்போது மேலே இருப்பவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்களில் பலர் வசதியானவர்கள் என்பதையும் கவனித்திருக்கிறேன்.

பணப்பட்டுவாடா எப்படி நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். வாக்காளர் பட்டியல் பாகம் பாகமாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பொறுப்பாளர். அவர் கையிலுள்ள நகலில் ஒவ்வொரு பெயரின் எதிரிலும் ஒரு குறி இருக்கும்: நம் ஓட்டு, எதிர் ஓட்டு, இன்னும் முடிவு செய்யாதவர், வெளியூரில் இருப்பவர். ஒரு வீட்டில் நான்கு ஓட்டு என்றால் உறையில் நான்கு பேருக்கான தொகை. கொடுத்ததும் பேனாவால் ஒரு கோடு. சில இடங்களில் பணத்துக்குப் பதில் டோக்கன். வெளிச்சம் குறைந்த நேரம், இரு சக்கர வாகனம், எடுபிடிக்கு ஒரு பையன். இவ்வளவு ஒழுங்காக ஒரு வேலை நடக்கிறது என்றால், அதற்குப் பின்னால் திட்டமும் முதலும் கணக்குப்பிள்ளையும் இருக்கிறார்கள் என்று பொருள். வாங்கும் கை இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி.

2009 ஜனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு, ஓட்டுக்குப் பணம் இறக்கி ஜெயிக்கும் முறைக்கு ‘திருமங்கலம் ஃபார்முலா’ என்ற சொல்லே தமிழக அரசியல் பேச்சில் நிலைத்துவிட்டது. 2016-இல் பணப்பட்டுவாடாவுக்காகவே அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளில் தேர்தலைத் தேர்தல் ஆணையம் ரத்து செய்தது. 2017 ஏப்ரலில் சென்னை ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ரத்தானது. 2019-இல் வேலூர் மக்களவைத் தொகுதியில் வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு தேர்தல் நிறுத்தப்பட்டது.

தேர்தல் நின்றுபோன இந்த நான்கு இடங்களிலும் சில மாதங்கள் கழித்து மீண்டும் தேர்தல் நடந்தது. முக்கியக் கட்சிகளின் சார்பில் முன்பு நின்றவர்களே மறுபடியும் நின்றார்கள். தேர்தல் தள்ளிப்போனது, போட்டியிடும் உரிமை யாருக்கும் போகவில்லை. கடைசிக் கண்ணியைத் திட்டிக்கொண்டே இருந்தால் சங்கிலியின் தலைமாடு நம் கண்ணில் படவே படாது. இந்தப் பக்கத்தில் பெரும்பகுதி அந்தத் தலைமாட்டைப் பற்றியதாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

பணத்தை வாங்கிக்கொண்டு மனசாட்சிப்படி ஓட்டுப் போட்டால் என்ன தவறு?

சட்டப்படி கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்திலும், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமிருக்கிறது.

சட்டத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் ஒன்று இருக்கிறது. வேலை இல்லாத நாளில் வாசலுக்கு வந்த இரண்டாயிரம் ரூபாயை வாங்கிய அக்காவை நான் ஏசுவதில்லை. ஆனால் அவரிடம் இதைச் சொல்வேன்: கொடுப்பவருக்கு நீங்கள் மாற்றிப் போடுவீர்கள் என்பது தெரியும். அந்தச் சேதாரத்தையும் சேர்த்துத்தான் அவர் கணக்குப் போடுகிறார். தொகுதி முழுக்கப் பணம் இறக்க முடியாதவர் போட்டிக்கே வர முடியாது என்ற நிலை வந்துவிட்டால் அவருக்கு அதுவே வெற்றி. நீங்கள் மனசாட்சிப்படி தேர்ந்தெடுக்க நினைத்த ஆள் வேட்புமனுவே தாக்கல் செய்திருக்க மாட்டார்.

பணம் வாங்கியவர்களிடம் கற்பூரம் அடித்தோ சாமி படத்தின் மேலோ சத்தியம் வாங்குவதும் உண்டு. அந்தப் பயத்தில் இருப்பவர்களுக்கு: நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்பது எவருக்கும் தெரியாது. ஒப்புகைச் சீட்டு ஏழு விநாடி கண்ணாடிக்குள் தெரிந்துவிட்டு உள்ளே விழுந்துவிடும். கையில் எதுவும் வராது.

சாதாரண மக்கள் சேர்ந்து இதில் எதையாவது மாற்றியதுண்டா?

உண்டு. இன்று வேட்பாளரின் சொத்து, கடன், குற்ற வழக்குகள், படிப்பு எல்லாம் கைபேசியில் பார்க்கக் கிடைக்கின்றன. அரசியல்வாதிகள் மனமுவந்து கொடுத்த தகவல் அல்ல அது. 1999-இல் அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகப் பேராசிரியர்கள் சிலர் சேர்ந்து ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கி, டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார்கள். 2000-இல் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வந்தது. மத்திய அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. 2002 மே 2 அன்று உச்ச நீதிமன்றமும் வாக்காளருக்குத் தகவல் அறியும் உரிமை உண்டு என்று சொல்லிவிட்டது.

அதோடு முடிந்திருந்தால் எளிய கதை. தீர்ப்பின் வீரியத்தைக் குறைக்க அதே ஆண்டு முதலில் அவசரச் சட்டமும் பிறகு சட்டத் திருத்தமும் வந்தன. கட்சிகள் ஒன்றையொன்று எதிர்க்கும் விஷயங்கள் ஆயிரம் இருந்தாலும் இதில் மட்டும் ஒற்றுமை இருந்தது. மக்கள் சிவில் உரிமைக் கழகமும் பிறரும் மீண்டும் நீதிமன்றம் சென்றார்கள். 2003 மார்ச் 13 அன்று அந்தத் திருத்தப் பிரிவு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. படிவம் 26 என்ற பெயரில் இன்று வேட்புமனுவோடு இணைக்கப்படும் பிரமாணப் பத்திரம் இப்படி வந்ததுதான்.

அந்தப் படிவத்தைக் கையில் எடுத்தால் எங்கிருந்து படிக்க வேண்டும்?

சொத்து மொத்தத் தொகையில் கண் போகும். அதை விட்டுவிட்டுக் கடன் பகுதிக்குப் போங்கள். யாரிடம் கடன் வாங்கியிருக்கிறார்? வங்கியா, தனிநபரா, நிறுவனமா? அடுத்து, மனைவி அல்லது கணவர் பெயரிலும் சார்ந்திருப்போர் பெயரிலும் உள்ள நிலங்கள், வாங்கிய ஆண்டு, வாங்கிய விலை. பிறகு அரசுடன் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் பற்றிய பகுதி. அவரே முந்தைய தேர்தலில் கொடுத்த படிவத்தையும் பக்கத்தில் வைத்து, வருமான வரிக் கணக்கில் காட்டிய ஆண்டு வருமானத்தால் இந்த வளர்ச்சி வந்திருக்குமா என்று கூட்டிப் பாருங்கள். பள்ளிக் கணக்கு போதும். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் எங்களோடு உட்கார்ந்து இதை அழகாகச் செய்திருக்கிறார்கள்.

தேர்தல் பத்திர வழக்கு என்று சொன்னார்களே, அது என்ன?

தேர்தல் பத்திரம் என்பது, கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க 2017 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டு, 2018 ஜனவரி 2 அன்று நடைமுறைக்கு வந்த திட்டம். ஸ்டேட் வங்கியில் 1,000 ரூபாயிலிருந்து ஒரு கோடி ரூபாய் வரை பத்திரம் வாங்கி, பதினைந்து நாளுக்குள் விரும்பிய கட்சிக்குக் கொடுக்கலாம் என்று இருந்தது. யார் கொடுத்தார் என்று கட்சி வெளியிட வேண்டியதில்லை. நிறுவனமும் எந்தக் கட்சிக்குக் கொடுத்தது என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் ஒரு நிறுவனம் கட்சிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்ற பழைய வரம்பும் நீக்கப்பட்டது. நட்டத்தில் ஓடும் நிறுவனம்கூடக் கோடிகளைக் கொடுக்கலாம் என்று ஆனது. ரிசர்வ் வங்கியும் தேர்தல் ஆணையமும் 2017-இலேயே எழுத்து மூலம் ஆட்சேபித்திருந்தன.

அந்த ஆட்சேபங்கள் நமக்கு எப்படித் தெரிந்தன? ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஒருவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுவுக்கு மேல் மனுவாகப் போட்டு அந்தக் கடிதங்களையும் கோப்புக் குறிப்புகளையும் வெளியே கொண்டுவந்தார். இன்னொரு பக்கம், ஒரு பெண் பத்திரிகையாளர் 1,000 ரூபாய்ப் பத்திரங்களைத் தானே வாங்கி ஆய்வகச் சோதனைக்கு அனுப்பினார். வெறுங்கண்ணுக்குத் தெரியாத, புற ஊதா ஒளியில் மட்டும் தெரியும் வரிசை எண் ஒவ்வொரு பத்திரத்திலும் இருப்பது 2018 ஏப்ரலில் அம்பலமானது. யார் வாங்கினார், யார் மாற்றினார் என்று பொருத்திப் பார்க்க அந்த எண்ணே பிறகு திறவுகோல் ஆனது.

ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம், காமன் காஸ் ஆகிய அமைப்புகளும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் தொடர்ந்த வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடந்தன. 2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகத் திட்டத்தை ரத்து செய்தது. விவரங்களைக் கொடுக்க ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது ஸ்டேட் வங்கி. மக்களவைத் தேர்தலோ ஏப்ரலில். நீதிமன்றம் மறுத்தது. மார்ச் 14 அன்று தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் பட்டியல்கள் வந்தன. வாங்கியவர் ஒரு பட்டியல், பெற்ற கட்சி இன்னொரு பட்டியல். இரண்டையும் இணைக்கும் எண்கள் அதில் இல்லை. நீதிமன்றம் மறுபடியும் கண்டித்த பிறகு மார்ச் 21 அன்று அவையும் வந்தன.

அன்றிரவு நாடு முழுக்கப் பலர் தூங்கவில்லை. ஆயிரக்கணக்கான வரிகளை எண்ணுக்கு எண் பொருத்திப் பார்த்தார்கள். 2019 ஏப்ரல் முதல் 2024 பிப்ரவரி வரை விற்ற 12,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பத்திரங்களில் ஏறத்தாழ பாதி பாஜகவுக்குப் போயிருந்தது. திரிணாமூல் காங்கிரஸ், காங்கிரஸ் கட்சிகளுக்கு ஆயிரம் கோடிக்கு மேல். திமுகவுக்கு 600 கோடிக்கு மேல். லாட்டரித் தொழிலில் உள்ள ஒரே நிறுவனம் மட்டும் 1,368 கோடி ரூபாய்க்கு வாங்கியிருந்தது. விசாரணை அமைப்புகளின் சோதனைக்கு ஆளான சில நிறுவனங்கள் அதையடுத்துப் பத்திரம் வாங்கிய தேதிகளைப் பத்திரிகையாளர்கள் வரிசையாக எடுத்துக் காட்டினார்கள். மத்தியில் ஆள்பவர், மாநிலத்தில் ஆள்பவர் என்ற வேறுபாடின்றி அதிகாரம் இருந்த இடத்துக்குப் பணம் போயிருக்கிறது.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்துவிட்டதே?

தீரவில்லை. இப்போது பெரும் நன்கொடைகள் காசோலையாகவும் தேர்தல் அறக்கட்டளைகள் வழியாகவும் போகின்றன. 2013-இல் வந்த அறக்கட்டளைத் திட்டத்தில், ஓராண்டில் வந்த தொகையில் குறைந்தது 95 சதவீதத்தைக் கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தவர் பட்டியலும் பெற்ற கட்சிகளின் பட்டியலும் வெளியே வரும். ஆனால் பல நிறுவனங்களின் பணம் ஒரே தொட்டியில் கலந்துவிடுவதால் யாருடைய பணம் யாருக்கு என்பது மங்கிவிடுகிறது. மேலும் 20,000 ரூபாயைத் தாண்டாத நன்கொடைக்குப் பெயர் வெளியிட வேண்டியதில்லை. ஒரு பெருந்தொகையைச் சிறு துண்டுகளாக நறுக்கிக் காட்ட இந்த ஓட்டை போதும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்ற விதி 2017 முதல் இருக்கிறது. அதைச் சரிபார்க்கும் ஏற்பாடுதான் மிகவும் பலவீனம்.

இன்னொன்றும் பாக்கி இருக்கிறது. காங்கிரஸ், பாஜக உள்ளிட்ட ஆறு தேசியக் கட்சிகள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை என்று 2013 ஜூனில் மத்தியத் தகவல் ஆணையம் சொன்னது. கட்சிகள் அந்த உத்தரவை ஏற்று நடக்கவில்லை. நாட்டில் ஒவ்வொரு ஊராட்சி அலுவலகமும் பதில் சொல்ல வேண்டிய சட்டத்துக்கு, அந்தச் சட்டத்தை இயற்றியவர்களின் கட்சி அலுவலகம் பதில் சொல்வதில்லை. எனக்கு இதில் வரும் கோபம் வேறு எதிலும் வருவதில்லை.

செலவுக்கு வரம்பு இருக்கிறதே, 40 லட்சம் என்கிறார்கள்?

2022 ஜனவரியில் நிர்ணயித்தபடி பெரிய மாநிலங்களில் சட்டமன்றத் தொகுதிக்கு 40 லட்சம், மக்களவைத் தொகுதிக்கு 95 லட்சம். இது வேட்பாளருக்கு மட்டும். கட்சி எவ்வளவு செலவழித்தாலும் வரம்பே இல்லை. 1974-இல் ஒரு வழக்கில், வேட்பாளருக்காகக் கட்சி செய்த செலவும் அவர் கணக்கில் சேரும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஆண்டே சட்டத்தைத் திருத்தி, கட்சியும் ஆதரவாளர்களும் செய்யும் செலவு சேராது என்று மாற்றிவிட்டார்கள். பிறகு கட்சிச் செலவு பற்றிய விதிகள் சற்று இறுக்கப்பட்டாலும் அதற்கு உச்சவரம்பு மட்டும் இன்றுவரை வரவில்லை.

அப்படியிருந்தும் இந்தக் கணக்கைப் படிப்பது வீண் வேலை இல்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தரப்படும் செலவுப் பதிவேட்டில் மூன்று நிறத் தாள்கள். வெள்ளைத் தாளில் அன்றாடச் செலவு, இளஞ்சிவப்பில் ரொக்கம், மஞ்சளில் வங்கிக் கணக்கு. தேர்தலுக்கென்றே தனி வங்கிக் கணக்கு வேண்டும். பிரசார காலத்தில் குறைந்தது மூன்று முறை பதிவேட்டைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். இதற்கு இணையாக அதிகாரிகள் தரப்பில் ஒரு நிழல் பதிவேடு இருக்கும்: காணொளிக் குழு கூட்டத்தைப் படம் பிடிக்கும், கணக்குக் குழு அதைப் பார்த்து நாற்காலி எத்தனை, வண்டி எத்தனை, கொடி எத்தனை என்று எண்ணி, மாவட்ட நிர்வாகம் அறிவித்த விலைப் பட்டியலால் பெருக்கும். தேநீருக்கும் சாமியானாவுக்கும்கூட அந்தப் பட்டியலில் விலை உண்டு.

முடிவு வந்து 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் கணக்குத் தாக்கலாகும். யார் வேண்டுமானாலும் சிறு கட்டணம் கட்டிப் பார்க்கலாம், நகல் வாங்கலாம். அங்கே உட்கார்ந்து உங்கள் தெருவில் நடந்த ஊர்வலத் தேதியைத் தேடுங்கள். நீங்கள் கண்ணால் பார்த்த வண்டிகளும் வெள்ளைத் தாளில் இருக்கும் எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா? தேதியோடு உங்களிடம் புகைப்படம் இருந்தால் அது சான்று. கணக்கு முறையாகக் காட்டாதவரை மூன்றாண்டு தகுதி நீக்கம் செய்யத் தேர்தல் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. உத்தரப் பிரதேசத்தின் பிசௌலி தொகுதி உறுப்பினர் 2011 அக்டோபரில் அப்படித் தகுதி இழந்தார். செய்திபோல் பத்திரிகையில் வெளியான விளம்பரத்துக்கான செலவைக் கணக்கில் காட்டாததே காரணம். தோற்ற வேட்பாளர் ஒருவர் அந்தச் செய்தித்தாள் பக்கங்களை வைத்துப் புகார் செய்ததிலிருந்து ஆரம்பித்தது அது.

பணம் கொடுப்பதை நேரில் கண்டால் என்ன செய்வது?

நீங்களே தடுக்கப் போகாதீர்கள். நன்னடத்தை விதிகள் அமலில் இருக்கும்போது தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் அந்த இடத்திலிருந்தே படமோ காணொளியோ எடுத்து அனுப்பலாம். பெயர் சொல்லாமலும் அனுப்பலாம். நூறு நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது அதன் இலக்கு. 1950 என்ற தொலைபேசி எண்ணிலும் சொல்லலாம். எவ்வளவு தொகை என்பதைவிட இடம், நேரம், வண்டி எண் மூன்றும் முக்கியம்.

பறக்கும் படை வருவதற்குள் ஆள் போய்விடுவார் என்பது பலரின் அனுபவம். அப்படியும் அனுப்புங்கள். ஒரே தெருவிலிருந்து பல புகார்கள் பதிவாகியிருந்தால், பின்னால் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போடுபவருக்கு அவை உதவும். அந்த வழக்குக்குக் கெடு, முடிவு அறிவித்ததிலிருந்து 45 நாள்.

இலவசத் திட்டங்களும் ஓட்டுக்குப் பணமும் ஒன்றுதானே?

என் கணிப்பில் இல்லை. தேர்தல் அறிக்கையில் வெளிப்படையாகச் சொல்லி, சட்டமன்றத்தில் நிதி ஒதுக்கி, தணிக்கைக்கு உட்பட்டு, ஓட்டுப் போடாதவருக்கும் சேர்த்துக் கொடுப்பது அரசின் கொள்கை. அதை எதிர்த்து வாதாடலாம், அடுத்த தேர்தலில் தோற்கடிக்கலாம். இருட்டில் பட்டியலில் கோடு போட்டுக் கொடுப்பது விலை பேசுவது. தமிழகத்திலிருந்து போன வழக்கொன்றில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் தேர்தல் அறிக்கை வாக்குறுதியை லஞ்சமாகக் கருத முடியாது என்றே சொன்னது. வழிகாட்டு நெறிகள் வகுக்கும்படி தேர்தல் ஆணையத்தைக் கேட்டுக்கொண்டது. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால் ஆதாயம் அடைபவர்கள் உறை கொடுப்பவர்கள்தான்.

நோட்டாவுக்குப் போட்டால்?

மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் வழக்கால் 2013-இல் கிடைத்த உரிமை அது. எதிர்ப்பைப் பதிவு செய்யலாம். ஆனால் நோட்டா முதலிடம் வந்தாலும் அடுத்த இடத்தில் இருப்பவரே வெற்றி பெறுவார். பணபலத்தை அது அசைக்காது.

வேறு நாடுகளில் மக்கள் இதை எப்படி எதிர்கொண்டார்கள்?

பிரேசில் நமக்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு. அங்கும் ஓட்டுக்குப் பணமும் பொருளும் கொடுப்பது வேரோடிய பழக்கம். கத்தோலிக்க ஆயர் பேரவையும் மக்கள் அமைப்புகளும் ஊர் ஊராகப் பத்து லட்சத்துக்கு மேல் கையெழுத்துத் திரட்டி, மக்களே முன்மொழியும் மசோதாவாக நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். 1999-இல் அது சட்டமானது. ஓட்டை விலைக்கு வாங்கியவர் பதவியையே இழக்கலாம் என்பது அதன் சாரம். ரத்தான தேர்தலில் அதே ஆட்கள் மீண்டும் நிற்கும் நம் நிலையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு 2015-இல் பிரேசில் உச்ச நீதிமன்றம், வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில், நிறுவனங்கள் தேர்தல் நன்கொடை தருவதே கூடாது என்று தீர்ப்பளித்தது.

தென்னாப்பிரிக்காவில் ‘மை வோட் கவுண்ட்ஸ்’ என்ற சிறு அமைப்பு விடாமல் வழக்காடியதன் பலனாக 2018-இல் அரசியல் சாசன நீதிமன்றம், கட்சிகளின் தனியார் நிதி விவரம் வாக்காளருக்குத் தெரிய வேண்டும் என்றது. 2021 ஏப்ரலில் கட்சி நிதிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

அமெரிக்காவில் நிலைமை நேரெதிர்ப் பக்கம் போயிருக்கிறது. 2010-இல் ‘சிட்டிசன்ஸ் யுனைடெட்’ வழக்கின் தீர்ப்பு நிறுவனங்களின் தேர்தல் செலவுக்கான கட்டுப்பாட்டைத் தகர்த்துவிட்டது. ஆனாலும் ஊர் அளவில் மக்கள் சும்மா இருக்கவில்லை. சியாட்டில் நகர மக்கள் 2015-இல் வாக்கெடுப்பு நடத்தி ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தார்கள்: நகராட்சி ஒவ்வொரு வாக்காளருக்கும் 25 டாலர் மதிப்புள்ள நான்கு சீட்டுகளைத் தரும், அவற்றை விருப்பமான வேட்பாளருக்குக் கொடுக்கலாம், வேட்பாளர் அவற்றைப் பணமாக்கிப் பிரசாரம் செய்யலாம். கையில் காசில்லாதவரும் நன்கொடையாளர் ஆகிறார். அதே நாட்டில் டோரிஸ் ஹாடக் என்ற மூதாட்டி, தேர்தல் நிதிச் சீர்திருத்தம் கேட்டு 1999 ஜனவரி 1 அன்று கலிபோர்னியாவில் நடக்கத் தொடங்கி, 2000 பிப்ரவரி 29 அன்று வாஷிங்டன் போய்ச் சேர்ந்தார். புறப்பட்டபோது வயது 88. வழியில் தொண்ணூறாவது பிறந்தநாளும் வந்தது.

இங்கும் அரசே தேர்தல் செலவை ஏற்றால் என்ன?

1998-இல் இந்திரஜித் குப்தா குழு, பணமாக இல்லாமல் பொருளாகவும் வசதியாகவும் அரசு உதவலாம் என்று பரிந்துரைத்தது. எனக்கு அதில் தயக்கம் உண்டு. கட்சிச் செலவுக்கு வரம்பும் கணக்குக்குச் சுதந்திரமான தணிக்கையும் வராமல் அரசுப் பணம் வந்தால், இருக்கிற கறுப்புப் பணத்தோடு வரிப்பணமும் சேர்ந்துகொள்ளும்.

காசில்லாத நல்ல வேட்பாளருக்கு நாங்கள் பணம் தரலாமா?

தாராளமாக. வங்கி வழியாகவோ ரசீது பெற்றோ கொடுங்கள். இடதுசாரிக் கட்சிகளின் உண்டியல் வசூலைத் தமிழ்நாட்டில் பலர் பார்த்திருப்பீர்கள். கடைவீதியில் துண்டேந்திக் கேட்பதில் ஒரு பலன் உண்டு, கேட்டவர் கொடுத்த ஆயிரம் பேருக்குக் கடமைப்பட்டவர் ஆகிறார். ஒரே ஒரு முதலாளிக்குக் கடமைப்பட்டவரைவிட இவர் சுதந்திரமானவர். உள்ளாட்சித் தேர்தலிலிருந்து தொடங்குங்கள். வார்டு சிறியது, வீடு வீடாக நடந்து முடிக்கலாம். நடக்க முடிந்த தூரத்தில் பணத்தின் வேகம் குறையும்.

இதில் ஆபத்து இல்லையா?

இருக்கிறது. தகவல் கேட்டதற்காகத் தாக்கப்பட்டவர்களும் கொல்லப்பட்டவர்களும் இந்த நாட்டில் உண்டு. 2010-இல் புனே அருகே சதீஷ் ஷெட்டியும் அகமதாபாதில் அமித் ஜேட்வாவும் அப்படிக் கொல்லப்பட்டார்கள். ஆகவே தனியாளாக இறங்காதீர்கள். ஒரே கேள்வியைப் பல பேர், பல முகவரிகளிலிருந்து கேளுங்கள். பதில் வந்த அன்றே நகலெடுத்துப் பலரிடம் கொடுத்துவிடுங்கள். ஒருவர் வாயை அடைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று எதிர்த்தரப்புக்குத் தெரிய வேண்டும். தனிநபர் மீது குற்றச்சாட்டுப் பேசாமல் ஆவணத்தில் இருப்பதை மட்டும் பேசினால் அவதூறு வழக்குப் பயமும் குறையும். ஒரு வழக்கறிஞர் நண்பரைத் தொடக்கத்திலேயே கூட வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்தல் இல்லாத காலத்தில் என்ன செய்வது?

உண்மையான வேலை அப்போதுதான். கட்சிகள் தரும் ஆண்டு நன்கொடை அறிக்கையும் தணிக்கைக் கணக்கும் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் வரும். 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர் பெயர், முகவரி, தொகை அதில் இருக்கும். உங்கள் மாவட்ட முகவரிகளை மட்டும் தனியாக எடுங்கள். அடுத்து, உங்கள் மாநகராட்சியோ நெடுஞ்சாலைத் துறையோ கொடுத்த ஒப்பந்தங்களை யார் எடுத்தார்கள் என்று பாருங்கள். தமிழ்நாட்டில் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைக்கென்றே 1998 முதல் சட்டம் இருக்கிறது. கிடைக்காத விவரத்துக்கு 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் மனு. 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. இரண்டு பட்டியல்களிலும் ஒரே பெயர் இருந்தால் அது குற்றம் என்று பொருளல்ல. கேள்வி கேட்க வேண்டிய இடம் என்று பொருள்.

ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு 1994 முதல் செய்தது இதைத்தான். வேலைக்கான வருகைப் பட்டியலையும் பொருள் வாங்கிய ரசீதையும் கிராமத்து நடுவில் உரக்கப் படித்தார்கள். இறந்தவர் பெயரில் கூலி போனதும், கட்டாத கட்டடத்துக்கு ரசீது இருந்ததும் அங்கேயே எழுந்து நின்ற மக்களால் வெளிவந்தன. 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு அந்தக் கூட்டங்களே விதை.

நமக்குக் கிராமசபை இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவு அறிக்கையைத் தமிழில், தலைப்புத் தலைப்பாக வாசிக்கச் சொல்லுங்கள். ஒப்பந்ததாரர் பெயரையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்து, எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.